காதுகுத்துக் குதிரையின் வயிறு

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை ஏழு மணியளவில் ஓர் எண் வரும். பெரும்பாலும் 4. சில நாள் 5. அனுப்புகிறவர் என் மாமா. பதிலுக்கு நான் ஒரு கட்டைவிரல் போடுவேன். 2 என்று வந்தால் மட்டும் உடனே போன் செய்வேன்.

கம்பெனி பேருந்தில் என் பக்கத்தில் உட்காரும் தோழி இதைப் பல வாரம் கவனித்துவிட்டு ஒரு நாள் கேட்டாள்.

"அது என்னா நம்பருடி டெய்லி?"

"குதிரை ராத்திரி எத்தன தடவ லத்தி போட்டுச்சுன்னு மாமா அனுப்புவாரு."

அவள் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு, "எல்லாரும் நல்லா இருந்தா சரி" என்றாள்.

எல்லோரும் நன்றாகத்தான் இருந்தோம். ஆனால் அந்த எண் வரத் தொடங்கியபோது அப்படி இல்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. மொரப்பூரிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்தில் இரண்டு ஏக்கர் நிலமும் ஒரு வெள்ளைக் குதிரையும் வைத்திருக்கிறார். நான் படித்தது உணவுத் தொழில்நுட்பம். வேலை கிடைத்த மாங்கூழ் ஆலை அவர் வீட்டுக்குப் பக்கம் என்பதால் அங்கேயே தங்கிவிட்டேன். ஆலையில் தரக்கட்டுப்பாடு என் பொறுப்பு. ஒவ்வொரு தொகுதிக் கூழுக்கும் இனிப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, எத்தனை நிமிடம் எந்தச் சூட்டில் இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதாதது எதுவும் நடக்கவில்லை என்றே எங்கள் பிரிவில் எடுத்துக்கொள்வார்கள்.

குதிரையை எல்லோரும் பாப்பா என்று கூப்பிடுவோம். உயரம் குறைவு, குணம் சாது, வயது பதினொன்று. காதுகுத்து வீடுகளில்தான் அதற்கு வேலை. தாய்மாமன் சீர் ஊர்வலமாகப் போகும்போது முன்னால் மேளம், நடுவில் குதிரை மேல் குழந்தை, பின்னால் சீர்த்தட்டு ஏந்திய பெண்கள். குதிரை இல்லாமல் சீர் கொண்டு போனால் மூன்று வருடம் பேசுவார்கள். அதனால் முகூர்த்த மாதங்களில் மாமாவின் போன் ஓயாது.

ஊர்வலம் வாசலுக்கு வந்ததும் குழந்தைக்கு ஆரத்தி எடுப்பார்கள். அடுத்து குதிரைக்கு. ஆரத்தி முடிந்ததும் அந்த வீட்டார் தங்கள் கையால் குதிரைக்கு எதையாவது ஊட்டுவார்கள். வாசல்வரை வந்த குதிரை வெறும் வாயோடு திரும்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். முதலில் வீட்டுப் பெண், பிறகு நாத்தனார்கள், பிறகு பங்காளி வீட்டுப் பெண்கள், கடைசியில் தெருவே வரும். பாப்பாவும் யாரையும் ஏமாற்றாது.

தை மாதத்தில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு வந்த மறுநாள் காலை, நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது லாயத்திலிருந்து மாமா கூப்பிட்டார். பாப்பா முன்னங்காலால் தரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தது, அங்கே யாரோ நிற்பது போல. மேலுதட்டைச் சுருட்டியது, படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. முந்தின நாள் மாலைக்குப் பிறகு தரையில் ஒரு லத்தி உருண்டைகூட இல்லை.

கால்நடை மருத்துவர் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு மாமாவிடம் விசாரித்தார்.

"நேத்து என்னங்க சாப்புட்டுச்சு?"

"வழக்கம்போலத்தானுங்க."

"வழக்கம்னா?"

"புல்லு, கொள்ளு, தவுடு. அப்புறம் அந்தக் காதுகுத்து வூட்ல குடுத்தாங்க."

"என்ன குடுத்தாங்க?"

மாமா யோசித்தார். "அன்பா குடுத்தாங்கங்க" என்றார்.

"அன்பு எத்தன கிலோ இருக்கும்?"

மாமாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நானும் அந்த ஊர்வலத்தில் இருந்தவள்தான். மாங்கூழில் ஒரு சொட்டு புளிப்பு கூடினால் எந்தத் தொட்டியில், எத்தனை மணிக்கு என்று சொல்லக்கூடியவள், வீட்டுக் குதிரையின் வயிற்றுக்குள் போனது என்ன என்று தெரியாமல் நின்றேன். அந்த வெட்கம் இன்னும் நினைவிருக்கிறது.

மருத்துவர் ஊசி போட்டார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே எனக்கு விளக்கினார். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது முழு நீளமும் பயணம் செய்துதான் வெளியே வர வேண்டும். இரைப்பை சிறியது. கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கப் புல் மேய்வதற்கு ஏற்ற அமைப்பு. புல்லைச் செரிக்கும் பெரிய வேலையெல்லாம் பின்னால் பெருங்குடலில், அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் செய்கின்றன. இனிப்பும் மாவும் ஒரேயடியாக வந்து குவிந்தால் அவை நிலைதடுமாறிப் புளிப்பையும் வாயுவையும் உண்டாக்கிவிடும்.

"அப்ப அது ஒரு நொதிக்கிற தொட்டி" என்றேன்.

"ஆமாங்க. கால் மொளச்ச தொட்டி."

அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் புரிந்தது. தொட்டியில் ஏற்றுவதை நேரம் பார்த்து, அளவு பார்த்து, மெதுவாக மாற்ற வேண்டும். இது என் தொழில்.

மதியம் போல பாப்பா ஒரு முறை லத்தி போட்டது. மாமா அதன் முன் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

"நான் புள்ள பெத்தப்பக் கூட இந்த மனுசன் மூஞ்சி இப்பிடி மலரல" என்றாள் மாமாவின் மனைவி, என் அத்தை.

மற்றவர் சிரிக்கும்படி சொன்னாலும் அத்தை சிரிக்கவில்லை. அவளுக்கு வேறு கவலை. பாப்பா முழுதாகத் தேறும்வரை இரண்டு நாள் மாமா சாப்பிடவில்லை. பிரஷருக்கு மாத்திரை போடுகிறவர், வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு லாயத்திலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். அத்தைதான் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். அன்றிலிருந்து குதிரையின் வயிறு அவளுக்கு மாமாவின் உடம்பு சம்பந்தப்பட்ட விஷயமாகிவிட்டது.

நான் ஒரு நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் செய்ய வேண்டியவை.

முதலில் காய்ந்த புல். எப்போதும் முன்னால் இருக்க வேண்டும், வயிறு காலியாகவே கூடாது. தீனி அதற்குப் பிறகு, அதுவும் ஒரே வேளையில் கொட்டாமல் மூன்றாகப் பிரித்து. எந்தப் புதுத் தீவனமும் பத்து நாளில் படிப்படியாக. உப்புக்கட்டி தொங்க வேண்டும். வருடம் ஒரு முறை பல் பார்க்க வேண்டும். சரியாக மெல்லாதது சரியாகச் செரிக்காது. வெளியூர் போனால் நம் வீட்டுத் தண்ணீர் இரண்டு கேன். இந்தக் கடைசி விஷயத்தை நானே கண்டுபிடித்தேன். பாப்பா வேற்றூர்த் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இனிப்பை மட்டும் விழுங்கினால் எந்தக் குடல்தான் நகரும்? காதுகுத்துக்கு வந்த எல்லோரும் கேன் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, எங்கள் குதிரை மட்டும் எங்கள் போர்வெல் தண்ணீரைக் குடித்தது.

கொள்ளைக் குறைப்பதற்குத்தான் மாமா சம்மதிக்கவில்லை.

"குதிரைக்குக் கொள்ளக் கொறைக்கச் சொல்ற மொத ஆளு நீதான் கண்ணு."

"நிறுத்தச் சொல்லல மாமா. ரெண்டு படிய ஒரு படியாக்கச் சொல்றேன்."

சரி என்று தலையாட்டினார். நான் கொள்ளு டப்பாவின் உள்பக்கம், நான்கு நாள் கழித்து இருக்க வேண்டிய மட்டத்தில், பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தேன். நான்காம் நாள் கோட்டுக்கு நான்கு விரல் கீழே இருந்தது.

"எலி தின்னுருக்கும்" என்றார் மாமா.

"எலி மூடியத் தொறந்து தின்னுட்டு, திரும்ப மூடி வெச்சுட்டுப் போகுமா மாமா?"

"நம்மூட்டு எலி வெவரமானது."

டப்பாவை என் அறைக்குக் கொண்டு வந்தேன்.

அடுத்தது கணக்கெடுப்பு. நல்ல குதிரை ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை லத்தி போடும், அதில் பாதி இரவில். எத்தனை, உருண்டையாக இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா, இவ்வளவு பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று பாதி தெரிந்துவிடும். நான் ஆறே முக்காலுக்கே ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவேன். அதனால் லாயம் கூட்டும்போது எண்ணி அனுப்புவது மாமாவின் வேலை. அம்மா, மாமா, அத்தை, நான் என்று நால்வர் இருந்த குழுவில் முதல் நாள் எண் வந்ததும் அத்தை வெளியேறிவிட்டாள்.

"சாணி எண்றதுக்கு ஒரு குரூப்பு. எனக்கு வேணாஞ் சாமி."

"சாணி இல்லடி. மாட்டுக்குத்தான் சாணி. குதிரைக்கு லத்தி."

"ஆமா, பேரு மாத்துனா மணக்கும்."

மாலையில் வேலை முடிந்து வந்து பாப்பாவின் வயிற்றில் காது வைத்துக் கேட்பது எனக்குப் பிடித்துப்போனது. இடதுபக்கம் ஒரு நிமிடம், வலதுபக்கம் ஒரு நிமிடம். உள்ளே உருளும் சத்தம், மொரப்பூர் ஸ்டேஷனில் நிற்காமல் போகும் கூட்ஸ் வண்டியைத் தூரத்திலிருந்து கேட்பது போல இருக்கும் என்று அத்தையிடமும் சொல்லியிருக்கிறேன். சத்தம் வந்தால் நல்லது. வராவிட்டால்தான் பயப்பட வேண்டும். மூன்று மாதம் கூட்ஸ் வண்டி ஒழுங்காக ஓடியது.

வைகாசியில் தருமபுரிக்குப் பக்கத்தில் ஒரு காதுகுத்து வந்தது. வீட்டுக்குள் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியாகிவிட்டது, வெளியே ஊட்டுகிறவர்களை என்ன செய்வது? மாமா யாரிடமும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். சொன்னாலும் கேட்க மாட்டார்கள். எங்கள் கையால் வாங்கக் கூடாதா என்று முகம் சுருங்கிவிடும். அதனால் எனக்குத் தெரிந்த வழியில் யோசித்தேன். ஆலையில் யாராவது தவறு செய்தால் நாங்கள் சண்டை போட மாட்டோம். சுவரில் ஒரு பட்டியல் ஒட்டுவோம்.

பெரிய எழுத்தில் அச்செடுத்து, மழைக்கு நனையாதபடி உறை போட்டு, மஞ்சள் கயிறு கட்டி, பாப்பாவின் மார்பில் தொங்கவிட்டேன். மேலே தலைப்பு: பாப்பாவுக்குக் கொடுக்கக் கூடாதவை. கீழே வரிசையாக வெல்லம், கேசரி, சர்க்கரைப் பொங்கல், வாழைப்பழம், லட்டு, சோறு, பிஸ்கட், மாம்பழம், களி என்று ஒன்பது. கடைசியில் மரியாதைக்காக, "அன்புடன், குடும்பத்தார்." அழகாகவே வந்திருந்தது.

ஊர்வலம் கிளம்புமிடத்திலேயே அந்த வீட்டு ஆண்கள் பாப்பாவுக்கு ஒரு சாமந்தி மாலை போட்டார்கள். நல்ல கனமான மாலை. அது தலைப்பின் மேல் சரியாக உட்கார்ந்துகொண்டது. வெல்லத்திலிருந்து கீழே எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

நான் தண்ணீர் கேன்களோடு கடைசியில் வந்துகொண்டிருந்தேன். நான் வாசலை அடைவதற்குள் பாப்பா ஆறாவது எண்ணை முடித்திருந்தது. வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரபரப்பாக என்னிடம் வந்தார்.

"ஏழாவது ஐட்டம் மட்டும் வூட்ல இல்லீங்க. மச்சான வண்டில கடைக்கு அனுப்பிச்சிருக்கேன், இப்ப வந்துருவாரு. களி கிண்டிட்டிருக்காங்க."

எனக்குப் புரியச் சில நொடி ஆனது. அவருக்குப் பின்னால் நின்ற ஒருவர், "லிஸ்ட்டு போட்டுக் கேக்குற குதிரைய இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார். அதில் கிண்டலைவிட மரியாதைதான் அதிகம் இருந்தது.

நான் மாலையைத் தூக்கித் தலைப்பைக் காட்டினேன். வீட்டுக்காரர் படித்தார். மறுபடி படித்தார். உள்ளே திரும்பி, "களி வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

இந்த முறை வலி லேசாகத்தான் வந்தது. வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே பாப்பா விலாவைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கியது. மருத்துவர் உடனே வந்தார், விடியற்காலைக்குள் சரியாகிவிட்டது. போகும்போது என் பட்டியலை வாங்கிப் படித்தார்.

"லிஸ்ட்டுல தப்பு ஒண்ணும் இல்லீங்க. வரிசை கூடச் சரி. அவங்களும் வரிசையாத்தான் குடுத்திருக்காங்க."

மாமா அன்றும் சாப்பிடவில்லை. அத்தை தட்டில் சோற்றைப் போட்டு அவர் முன் வைத்துவிட்டு, சத்தம் போடாமல் சொன்னாள்.

"இன்னொரு தடவ இது படுத்துச்சுன்னா நான் ஓசூர்க்காரருக்குப் போன் போட்டுருவேன். அவர்கிட்ட நாலு குதிரை இருக்குது, தோட்டம் இருக்குது, பாத்துக்க ஆளு இருக்குது. காதுகுத்துக்குப் போக வேண்டியதில்ல. அதுவும் நல்லா இருக்கும், நீங்களும் நல்லா இருப்பீங்க."

ஓசூர்க்காரர் ஏற்கெனவே இரண்டு முறை வந்து பாப்பாவை விலைக்குக் கேட்டுவிட்டுப் போனவர். அத்தை சொன்னதில் எதுவும் தவறில்லை.  மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஆவணியில் பொம்மிடிப் பக்கம் ஒரு காதுகுத்துக்கு அவர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். அதுதான் கடைசி வாய்ப்பு என்பது சொல்லாமலே எங்கள் மூவருக்கும் தெரிந்தது.

நான் மறுநாள் லீவு போட்டேன். ஆலையில் ஒரு தொகுதி கெட்டுப்போனால் நாங்கள் செய்வதையே செய்தேன்: யார், என்ன, எவ்வளவு, எப்போது என்று மாமாவைக் கேட்டும் என் நினைவிலிருந்தும் எழுதினேன். வெல்லம், உள்ளங்கையளவு மூன்று, வீட்டுப் பெண். கேசரி, ஒரு கிண்ணம், பெரிய நாத்தனார். இப்படி எழுதிக்கொண்டே வந்தபோது பதினான்காவது வரியில் நின்றுவிட்டேன். நீலப் புடவை கட்டிய ஒரு அம்மா. கையில் கேசரிக் கிண்ணத்தோடு வந்தார். ஆனால் கேசரி கொடுக்கவில்லை.

ஏன்?

நினைத்துப் பார்த்தேன். அப்போது நான் பாப்பாவைக் கூட்டத்திலிருந்து விலக்கிக் கூட்டிப் போவதற்காகக் கையில் ஒரு பிடி அருகம்புல் வைத்திருந்தேன். அந்த அம்மா என் கையிலிருந்து அதை உருவி எடுத்து, பாப்பாவை மூன்று முறை சுற்றி, ஊட்டி, நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கேசரிக் கிண்ணத்தோடு திருப்தியாக உள்ளே போய்விட்டார்.

அவருக்கு வேண்டியிருந்தவை மூன்று. தன் கை, குதிரையின் வாய், நாலு பேர் பார்ப்பது. கேசரி அந்தப் பட்டியலில் இல்லை.

அருகம்புல் எங்கள் வரப்பு நெடுக இருக்கிறது. பாப்பா தினமும் தின்கிற புல்தான். அதன் வயிற்றுக்குப் புதிதல்ல. பிள்ளையாருக்கு வைக்கிற பொருள் என்பதால் கொடுக்கிறவர்களுக்கும் குறையில்லை. ஆவணிக் காதுகுத்துக்கு முந்தின நாள் மாமாவும் நானும் ஒரு கூடை அறுத்துவந்து, அலசி, விரல் பருமனுக்குச் சிறு கட்டுகளாகப் பிரித்து, மஞ்சள் நூல் சுற்றினோம். அத்தை தள்ளி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என் முடிச்சுகளை அவளால் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அது என்ன, செத்த எலிக்கு வால் கட்டுன மாதிரி. இங்க குடு."

மூன்று கட்டு கட்டினாள். அவள் கையில் அது பூச்செண்டு போல வந்தது.

"மொத்தம் எத்தன?"

"அம்பது, அத்த."

"அம்பது என்னா கணக்கு? அம்பத்தொண்ணாக் கட்டு. நல்ல காரியத்துக்குப் போவுது."

பிறகு, "நானும் வர்றேன்" என்றாள். "என்ன நடக்குதுன்னு கண்ணால பாத்தாத்தான் எனக்கு நிம்மதி."

மாமா என்னைப் பார்த்தார். உதவிக்கு வருகிறாளா, தீர்ப்புச் சொல்ல வருகிறாளா என்று எனக்கும் தெரியவில்லை.

ஐம்பத்தொரு கட்டுகளையும் ஒரு பித்தளைத் தட்டில் அடுக்கி, நடுவில் ஒரு தேங்காய் வைத்து, சீர்த்தட்டுகளோடு ஒரு தட்டாக அத்தையே ஏந்திவந்தாள். கட்டுகளின் மொத்த எடையை நான் பாப்பாவின் அன்றைய புல்லிலிருந்து கழித்திருந்தேன். தண்ணீர் கேன்கள் வண்டியில் இருந்தன. பட்டியல் எதுவும் தொங்கவிடவில்லை.

வாசலில் ஆரத்தி முடிந்தது. குழந்தையின் அத்தை, அந்த வீட்டின் மூத்த பெண், பெரிய தட்டோடு முன்னால் வந்தார். நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கல். முந்திரி மேலே வட்டமாக வைக்கப்பட்டிருந்தது. எங்கள் அத்தை தன் தட்டை நீட்டினாள்.

"மொதல்ல இத உங்க கையால குடுங்க."

அவர் பார்த்தார். "புல்லா? எங்க வாசலுக்கு வந்த குதிரைக்குப் புல்லப் போட்டு அனுப்பவா? நாங்க என்ன அவ்வளவு இல்லாமயா போயிட்டோம்?"

மேளம் நின்றது. மாமா கயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அவருக்கு வராது என்று எனக்குத் தெரியும். பாப்பா பொங்கலைப் பார்த்துக் கழுத்தை நீட்டியது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்; செரிமானம் பற்றித்தான் சொல்லியிருப்பேன். அதற்குள் அத்தை பேசினாள்.

"புல்லு இல்லீங்க, அருகம்புல்லு. புள்ளையாருக்கு வெக்கறது. எங்க குதிரை வாசல்ல இதத்தான் வாங்கிக்கும், அதோட வழக்கம் அப்பிடி. உங்க பொங்கல் எங்கயும் போவாது. எங்க வூட்டுக்காரரு அதுகூடவே நடந்து வந்தவருதானே? அது சார்பா அவரு சாப்புடுவாரு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மா மாமாவை மேலும் கீழும் பார்த்தார்.

"முழுசாச் சாப்புடுவாரா?"

"தட்டு காலியாவும். நான் பொறுப்பு."

அவர் ஒரு கட்டை எடுத்து மூன்று முறை சுற்றினார். பாப்பா நூலை அவர் கையில் விட்டுவிட்டுப் புல்லை மட்டும் நிதானமாக உருவி வாங்கிக்கொண்டது. சுற்றிலும் ஐந்தாறு போன்கள் உயர்ந்தன. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் நாத்தனார்கள் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கொரு கட்டு. மஞ்சள் நூலைச் சிலர் குழந்தையின் கையில் கட்டினார்கள். அது எங்கள் திட்டத்தில் இல்லை, அவர்களாகச் சேர்த்துக்கொண்டது.

மாமா வாசல்படி ஓரம் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டார். முழுத் தட்டு. பிறகு ஊர்வலம் பங்காளி வீடுகளுக்குப் போனது. செய்தி எங்களுக்கு முன்னால் போயிருந்தது.

"குதிரைக்குப் புல்லு, குதிரைக்காரருக்குப் பலகாரமாமே" என்று இரண்டாவது வீட்டில் கேசரியோடு காத்திருந்தார்கள். மூன்றாவது வீட்டில் லட்டு. நான்காவது வீட்டில் வாழைப்பழமும் வெல்லமும்.

"அடியே, போதும்னு சொல்லேன்" என்றார் மாமா அத்தையிடம் மெதுவாக.

"நீங்களே சொல்லுங்க. பாப்பாவுக்காக இத்தன வருசமா நீங்க சொன்னதில்லையே. அதுக்கு எப்பிடி இருந்திருக்கும்னு இப்பத் தெரியுதா?"

மாமாவால் சொல்ல முடியவில்லை. ஒரு அம்மா அன்பாக லட்டை நீட்டும்போது வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பாப்பா எங்கள் தண்ணீரை இரண்டு முறை குடித்தது. திரும்பும்போது தட்டில் தேங்காயும் நான்கு கட்டுகளும் மிச்சம்.

மறுநாள் எனக்குக் காலை ஷிப்டு. ஏழு மணிக்குப் பேருந்தில் போனைப் பார்த்தேன். எண் வரவில்லை. ஏழே காலுக்கும் வரவில்லை. மாமாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். பக்கத்தில் தோழி, "என்னாச்சுடி, நம்பர் வரலியா?" என்று கேட்டாள். அவளுக்கும் பழகிவிட்டிருந்தது. எனக்கு ஓசூர்க்காரரின் வண்டி எங்கள் வாசலில் நிற்பது போலத் தோன்றியது. 

ஏழரை மணிக்கு அத்தையிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது.

"என்னயும் குரூப்புல சேரு."

உடனே சேர்த்தேன்.  பிறகு குழுவில் வந்தது.

"5. உருண்டையா இருக்கு. ஈரமா இருக்கு. வயித்துல காது வெச்சுப் பாத்தேன். உன் கூட்ஸ் வண்டி ஓடுது."

அடுத்தது:

"உங்க மாமா 4. அத வெவரமா எழுத முடியாது. இப்பவும் உள்ளதான் இருக்காரு, அதான் போன் எடுக்கல."

நான் போனைத் தோழியிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு இந்த முறை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. நாங்கள் சிரித்த சிரிப்பில் டிரைவர் கண்ணாடியில் எட்டிப் பார்த்தார்.

பேருந்து ஆலை வாசலில் திரும்பும்போது மூன்றாவது செய்தி வந்தது.

"மோர் குடுத்தேன், குடிச்சாரு. ஓசூர்க்காரரு பேச்சு இனி வேணாம். கார்த்திகைல ரெண்டு காதுகுத்து இருக்கு, மஞ்ச நூலு பெரிய கண்டா வாங்கிட்டு வா. அப்பிடியே உங்க மாமாவுக்கும் ஒரு லிஸ்ட்டு போடு."

அன்று மதிய இடைவேளையிலேயே போட்டேன். ஏழு பொருள்கள். தலைப்பை மேலே ஒரு முறையும் கீழே ஒரு முறையும் எழுதினேன்.